சீர் வரிசையில் ஏறிய அடுப்பு

ஒரு பொம்பளையின் போட்டோவைக் கைப்பேசியில் வைத்துக்கொண்டு, அவளைத் தேடித்தான் நான் இந்தியாவுக்குப் போனேன். கோயில் பார்க்கவோ பட்டுப்புடவை எடுக்கவோ போகவில்லை. என்னோடு கிளினிக்கில் வேலை பார்க்கும் நர்ஸ்கள் அதைத்தான் நினைத்துக்கொண்டு, ஆளுக்கொரு பட்டியல் எழுதிக் கொடுத்தார்கள். நான் ஒருத்திக்கும் ஒன்றும் வாங்கி வரவில்லை. இன்னும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

அந்தப் போட்டோ மலேசியாவில் கிள்ளானில், எங்கள் தாமான் குடியிருப்புக்குப் பக்கத்தில் இருக்கும் ஆலையின் வாசலில் தொங்குகிறது. லாரியை மறைக்கிற அளவு பெரிசு. பச்சைச் சேலை கட்டிய ஒருத்தி நீல நிற அடுப்புக்கு முன்னால் குத்தவைத்து உட்கார்ந்து சிரிக்கிறாள். அடுப்புக்குள் நெருப்பு தெரிகிறது. விறகைக் கொஞ்சமாக எரிக்கும் என்று ஊர் ஊராகக் கொடுத்த அடுப்பு அது. கீழே மலாயில், இந்தத் தாயின் அடுப்படியில் புகை குறைந்தது, எங்கள் ஆலையின் புகைக்கு அது ஈடானது என்று எழுதி, ஊரும் போட்டிருக்கிறார்கள். கல்லல், காரைக்குடி, இந்தியா. அந்தப் படத்துக்கு நேர் மேலே ஆலையின் புகைபோக்கி. அது என் சமையலறை ஜன்னலிலிருந்தும் தெரியும். வெளியில் காயப்போட்ட துணியை உதறினால் கரித்தூள் விழும். என் மகள் ஷாமினிக்குப் பதினேழு வயது. பள்ளிக்கூடப் பையில் நீல இன்ஹேலர் ஒன்று, பழுப்பு இன்ஹேலர் ஒன்று. பகலெல்லாம் ஊரார் பிள்ளைகளுக்கு நெபுலைசர் வைத்துவிட்டு, வீட்டுக்கு வந்து அதே முகமூடியை என் பிள்ளைக்கு மாட்டிவிடுகிறேன்.

ஆலையில் ஒரு பழைய நிலக்கரிக் கொதிகலன் இருக்கிறது. அதை மூடிவிடுகிறோம் என்று குடியிருப்பாளர் சங்கத்தில் வாக்குக் கொடுத்திருந்தார்கள். போன தடவை கூட்டத்துக்கு வந்த அதிகாரி கழுத்துப்பட்டையைச் சரிசெய்துகொண்டே சொன்னார்: “இனி மூட வேண்டிய அவசியம் இல்லை. எங்கள் புகைக்கு ஈடாக இந்தியாவில் அதே அளவு புகையைக் குறைத்துவிட்டோம். சான்றிதழ் இருக்கிறது.”

இதற்குப் பெயர் கார்பன் வரவு. உலகத்தில் யாராவது ஒருவர் விறகைக் குறைத்து எரித்தால், மிச்சமான புகையை யாரோ கணக்குப் போட்டுச் சான்றிதழ் ஆக்குகிறார்கள். இன்னொருவர் அதை வாங்கிக்கொண்டு தன் புகையை நிறுத்தாமல் விடலாம். சர்க்கரை நோயாளி ஒருவர் பக்கத்து வீட்டுக்காரியைச் சீனி இல்லாமல் காப்பி குடிக்க வைத்துவிட்டு, ‘சிஸ்டர், என் சர்க்கரை இறங்கிவிட்டது’ என்று என்னிடம் வந்து சொன்னால் நான் என்ன செய்வேன்? ஊசியை இரண்டு தடவை குத்துவேன்.

அதிகாரி விடவில்லை. கரியமில வாயு எங்கே குறைந்தாலும் வானத்துக்கு ஒன்றுதான் என்று விளக்கினார். வானத்துக்கு ஒன்றாகவே இருக்கட்டும். ஷாமினியின் நெஞ்சுக்கு? அந்த அடுப்புகள் உண்மையிலேயே எரிகின்றனவா என்று யாராவது போய்ப் பார்த்தீர்களா என்று கேட்டேன். அவர் சிரித்தார். “நீங்கள் வேண்டுமானால் போய்ப் பாருங்களேன், புவான்” என்று மலாய் மரியாதையோடு சொன்னார். கூட்டத்தில் நாலு பேர் அவரோடு சேர்ந்து சிரித்தார்கள். கொதிகலனுக்கு உரிமம் நீட்டிப்பது பற்றி நகராண்மைக் கழகத்தில் விசாரணை வைத்திருந்தார்கள். அதற்குள் நான் போய் வந்துவிடலாம் என்று அந்த நாற்காலியிலேயே முடிவு செய்தேன்.

காரைக்குடியில் இறங்கிய முதல் நாள் எதையும் தேட முடியவில்லை. வெயில் என்றால் எங்கள் ஊர் வெயில் வேர்க்க வைக்கும், இது வறுத்தெடுத்தது. விடுதிக்கு எதிரில் இருந்த மெஸ்ஸில் வெள்ளைப் பணியாரமும் வரமிளகாய்த் துவையலும் வைத்தார்கள். கிள்ளானில் செட்டிநாடு என்று பலகை மாட்டி, எல்லாவற்றிலும் மிளகாய்த்தூளைக் கொட்டி விற்கிறார்களே, அவர்களைக் கூட்டிவந்து இந்தப் பணியாரத்துக்கு முன்னால் உட்கார வைக்க வேண்டும். எட்டு தின்றேன். பரிமாறியவர் ஒன்பதாவதையும் கேட்காமலே வைத்தார்.

மறுநாள் கல்லலுக்குப் போகிறேன் என்று நாச்சியாபுரம் பேருந்தில் ஏறிவிட்டேன். நடத்துநர் பாதி வழியில் சீட்டுக் கிழிக்கும்போதுதான், “கல்லலுக்கு இதுல ஏன் ஏறுனீக?” என்றார். என்னமோ நான் வேண்டுமென்றே ஏறியது போல. அவர் திட்டி முடிப்பதற்குள் பேருந்தின் முன்பக்கத்திலிருந்து ஆவி கிளம்பி வண்டி நின்றுவிட்டது. எல்லோரையும் இறக்கி ஒரு புளியமரத்துக்குக் கீழே நிறுத்தினார்கள். ஓட்டுநர் குடத்தை எடுத்துக்கொண்டு தண்ணீர் தேடிப் போனார். எங்கள் ஊராக இருந்தால் இதற்குள் பத்துப் பேர் முகநூலில் அமைச்சரைத் திட்டியிருப்பார்கள். இங்கே பெண்கள் சேலைத் தலைப்பால் விசிறிக்கொண்டு என்னைப் பற்றி விசாரிக்க ஆரம்பித்தார்கள். எங்குட்டிருந்து வாரீக, புருசன் என்ன பண்றாரு, தனியாவா வந்தீக. எல்லாவற்றுக்கும் பதில் சொல்லிவிட்டுக் கைப்பேசியில் இருந்த படத்தைக் காட்டினேன்.

ஒருத்தி வாங்கிப் பார்த்துவிட்டு, வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். இது முத்துலெட்சுமி இல்லையா என்று பக்கத்தில் இருந்தவளிடம் கொடுத்தாள். கைப்பேசி ஒரு சுற்றுச் சுற்றி வந்தது. அவர்களில் மூன்று பேர் அதே கிராமத்துக்காரர்கள். உங்கள் வீட்டிலும் இந்த அடுப்பு இருக்கிறதா என்று கேட்டேன். எல்லா வீட்டிலும் இருக்கிறது, பத்திரமாக இருக்கிறது என்றார்கள். பத்திரமாக என்ற சொல்லில் எனக்கு அப்போது ஒன்றும் தோன்றவில்லை.

கிராமத்தின் பெயரை எழுத மாட்டேன். கல்லலுக்குப் பக்கம், அவ்வளவுதான். முத்துலெட்சுமி என்பதும், பின்னால் வரப்போகும் மெர்சி என்பதும் நான் வைத்த பெயர்கள். முத்துலெட்சுமி வீட்டுக் கல்யாணம் முடிந்து, மெர்சியும் வேறு வேலைக்குப் போய்விட்டாள் என்று தெரிந்த பிறகுதான் இதை எழுத உட்கார்ந்தேன்.

மூன்றாம் நாள் சரியான பேருந்தைப் பிடித்துப் போனேன். முத்துலெட்சுமி படத்தில் இருந்ததைவிட ஒல்லி. வயலும் இரண்டு மாடும் உள்ள விவசாயக் குடும்பம். மலேசியாவில் இவ்வளவு பெரிய படமாகத் தொங்குகிறாய் என்று காட்டினேன். அவள் முதலில் வெட்கப்பட்டாள், அப்புறம் அந்தச் சேலை தன்னுடையது இல்லை என்றாள். படம் எடுக்க வந்தவர்கள் கொடுத்துக் கட்டச் சொல்லி, போகும்போது வாங்கிக்கொண்டு போய்விட்டார்களாம்.

அடுப்பைப் பார்க்கலாமா என்று கேட்டேன். அடுப்படிக்குக் கூட்டிப்போவாள் என்று நினைத்தால், பூட்டியிருந்த உள்ளறையைத் திறந்தாள். அவள் மகளுக்கு இரண்டு வாரத்தில் கல்யாணம். அறை முழுக்கச் சீர் சாமான். அண்டா, தவலை, குத்துவிளக்கு, எவர்சில்வர் அடுக்கு, மிக்சி, கிரைண்டர், எல்லாம் வரிசையாக. பெரிய செட்டியார் வீடுகளில் ஆச்சிமார் ஒவ்வொரு சாமானையும் சோடி சோடியாக வைப்பதைப் பார்த்து, சுற்றுவட்டாரத்தில் எல்லாச் சாதியும் வசதிக்குத் தக்கபடி அதே மாதிரி வைக்கிறார்கள். மிக்சிக்கும் கிரைண்டருக்கும் நடுவில், பிளாஸ்டிக் உறை பிரிக்காமல், நீல அடுப்பு. அதன் விளிம்பில் பாத்திரக்கடையில் கொடுத்து மகளின் பெயரை வெட்டி வைத்திருந்தாள்.

ஒரு தடவையாவது பற்றவைத்தாயா என்று கேட்டேன். அவளுக்கு என் கேள்விதான் கிறுக்குத்தனமாக இருந்தது.

“புதுச் சாமான்க்கா. அதப் போயிக் கரியாக்கச் சொல்றீகளா? கேஸ் இருக்கு, அதுல ஆக்குறோம். இது பொண்ணுக்கு ஆகும்னு எடுத்து வச்சிட்டோம்.”

தெருவில் ஐந்து வீடு போய்ப் பார்த்தேன். ஐந்திலும் அதே கதை. ஒரு வீட்டில் மகள் இன்னும் ஆறாம் வகுப்புத்தான் படிக்கிறாள், அடுப்பு பரணில் ஏறிவிட்டது. ஒரு வீட்டில் அடுப்பு மாப்பிள்ளையோடு திருப்பூருக்கே போய்விட்டது. சான்றிதழில் இந்த அடுப்புகள் ஒவ்வொன்றும் நாள்தோறும் மூன்று வேளை சோறாக்குகின்றன. அதை வைத்துத்தான் என் மகளின் தலைக்கு மேல் புகைபோக்கி ஓடுகிறது.

படத்தில் நெருப்பு தெரிகிறதே என்றேன். உள்ளே ஓர் அகல்விளக்கை ஏற்றி வைத்தார்களாம். அடுப்பில் கரி பிடிக்காது, படத்துக்கும் நன்றாக இருக்கும் என்று. இதைச் சொல்லிவிட்டு முத்துலெட்சுமி சிரித்தாள். எனக்கு வந்த கோபத்தில் அந்த வாசலிலேயே கத்தியிருப்பேன். ஆனால் யாரைப் பார்த்துக் கத்துவது? இந்த வீட்டுப் பெண்களையா? கொடுத்த பொருளைப் பொன் போலக் காப்பாற்றியவர்கள் அவர்கள்தான்.

மாலை மெர்சியைப் பார்த்தேன். அடுப்புத் திட்டத்துக்கு ஊர் ஊராகப் போய்ப் படம் எடுத்து அனுப்பும் பெண் அவள்தான். கோவில் தெருவில் இருக்கும் கிறிஸ்தவ வீட்டுப் பிள்ளை, அப்பா வாத்தியாராக இருந்தவர், இவள் டிகிரி முடித்துவிட்டு இந்த வேலைக்கு வந்தவள். நான் வந்த சேதி அவளுக்கு எனக்கு முன்னாலேயே போயிருந்தது. மூடி மறைக்கவில்லை. பரணில் கிடக்கிறது என்று சென்னை ஆபீசுக்கு இரண்டு தடவை எழுதினாளாம். “படம் மட்டும் அனுப்பு, கதை எழுதாதேன்னு சொல்லிட்டாங்க மேடம்” என்றாள். அதைச் சொல்லும்போது அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை.

எனக்கு வேண்டியது ஒரே ஒரு கடிதம். இந்த அடுப்பை நாங்கள் இதுவரை பற்றவைக்கவில்லை என்று முத்துலெட்சுமி கையெழுத்துப் போட்ட ஒரு தாள், கூடவே உறை பிரிக்காத அடுப்பின் படம். விசாரணையில் அந்தப் பெரிய போட்டோவுக்குப் பக்கத்தில் இதை வைத்தால் போதும். மெர்சி தயங்கித் தயங்கி இன்னொன்றையும் சொன்னாள். பயன்படுத்தாத அடுப்பைத் திரும்ப எடுத்துக்கொள்ளலாம் என்று முதலில் கையெழுத்து வாங்கிய தாளில் இருக்கிறது. கடிதம் போனால் வண்டி வரும், தெரு முழுக்கத் தூக்கிக்கொண்டு போவார்கள். சீர்ப் பட்டியலை ஏற்கெனவே மாப்பிள்ளை வீட்டில் வாசித்தாகிவிட்டது. வாசித்த பட்டியலில் ஒரு சாமான் குறைந்தால் அந்தப் பெண் காலத்துக்கும் அங்கே பேச்சுக் கேட்க வேண்டும்.

ஆக, என் மகளின் மூச்சா, முத்துலெட்சுமி மகளின் கல்யாணமா. கிள்ளானில் கழுத்துப்பட்டைக்காரர் குளிரூட்டிய அறையில் உட்கார்ந்திருக்கிறார், நாங்கள் இரண்டு அம்மாக்கள் இங்கே முட்டிக்கொள்ள வேண்டும். இந்தச் சந்தையை யோசித்துக் கண்டுபிடித்தவன் கையில் கிடைத்தால் தெரியும் சேதி.

ஆனாலும் நான் கேட்டேன். அதை மறைக்க விரும்பவில்லை. மெர்சியோடு திரும்பப் போய், முத்துலெட்சுமியிடம் எல்லாவற்றையும் விளக்கினேன். ஷாமினியின் வீடியோ ஒன்றைக் காட்டினேன், டாக்டருக்காக எடுத்தது, மூச்சுக்குக் கழுத்து உள்ளே இழுக்கும். நீங்கள் இதை எரித்துப் புகையைக் குறைக்கிறீர்கள் என்று சொல்லித்தான் அங்கே அவர்கள் புகை விடுகிறார்கள் என்றேன். அவள் வீடியோவை மூன்று தடவை திரும்பத் திரும்பப் பார்த்தாள். நாளைக்கு வாருங்கள் என்று மட்டும் சொன்னாள். நான் அடுப்பைப் படம் எடுக்கவில்லை. அவள் சரி என்று சொல்லாமல் எடுக்க மனசு வரவில்லை. எடுத்திருக்க வேண்டும் என்று இன்றைக்குத் தோன்றுகிறது.

நாலாம் நாள் காலை பேருந்திலிருந்து இறங்கியதுமே எனக்கு மூக்கில் ஏறிவிட்டது. விறகுப் புகை. தெருவுக்குள் திரும்பினால் நாலைந்து வீட்டுக் கொல்லையில் புகை எழும்பிக்கொண்டிருந்தது. முந்தின நாள் இந்தத் தெருவில் கேஸ் வாசனையைத் தவிர ஒன்றும் இல்லை. முத்துலெட்சுமி வீட்டுப் பின்பக்கம் போனேன். உறையைப் பிரித்து, நீல அடுப்பை வெளியில் வைத்து, கருவேலங்குச்சியைத் திணித்துக்கொண்டிருந்தாள். கண்ணெல்லாம் சிவந்து நீர் வழிந்தது. அடுப்பின் நீலம் வாயைச் சுற்றிக் கறுத்துவிட்டது. மகளின் பெயர் வெட்டிய இடத்திலும் கரி. மேலே பால் பொங்கிக்கொண்டிருந்தது.

“வாங்கக்கா, இங்குட்டு உக்காருங்க. நாங்க இத எரிக்காமப் போட்டதாலதான அங்க புள்ளைக்கு இழுக்குது? தெரியாமப் போச்சு. தெரிஞ்சிருந்தா அன்னைக்கே பத்த வச்சிருப்போம்.”

மாப்பிள்ளை வீட்டுக்கு அவள் காலையிலேயே போன் போட்டுவிட்டாளாம், பட்டியலில் அடுப்பை அடித்துவிடச் சொல்லி. என்ன சொன்னார்கள் என்று நான் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. தெருவில் மற்ற வீடுகளுக்கும் போய், மலேசியாவில் ஒரு பிள்ளைக்கு மூச்சு முட்டுகிறது, அடுப்பை இறக்குங்கள் என்று சொல்லியிருக்கிறாள். ஆறாம் வகுப்புக்காரியின் அம்மாகூட பரணில் ஏறி இறக்கிவிட்டாள்.

அப்படி இல்லை முத்துலெட்சுமி என்று ஆரம்பித்தேன். நீ எரிப்பதற்கும் அவள் மூச்சுக்கும் சம்பந்தம் இல்லை, கேஸை விட்டுவிட்டு விறகு எரித்தால் புகை கூடத்தான் செய்யும் என்று சொல்லியிருக்க வேண்டும். எத்தனை பேருக்கு எத்தனை கெட்ட சேதியைப் படுக்கைக்குப் பக்கத்தில் நின்று சொன்னவள் நான். இதைச் சொல்ல வாய் எழவில்லை. இங்கே எரித்தால் அங்கே சரியாகிவிடும் என்று அவள் நம்பியதில் என்ன தப்பு? கழுத்துப்பட்டைக்காரரும் அதைத்தானே சொன்னார். அவர் நம்பாமல் சொன்னார், இவள் நம்பிச் செய்துவிட்டாள்.

அவள் தேநீரை ஆற்றி டம்ளரில் கொடுத்தாள். எங்கள் ஊரில் இழுத்து ஆற்றும் தே தாரிக் போல நுரை இல்லை, புகை வாசனை அடித்தது. குடித்தேன். அவள் எதிரில் குத்தவைத்து உட்கார்ந்து, முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டாள்.

“இனிமே தெனமும் மூணு வேளையும் இதுலதான் ஆக்குவேன். புள்ளைக்கு எத்தன நாள்ல சரியாகும்க்கா?”

சீக்கிரம் சரியாகிவிடும் என்றேன். என் வாழ்க்கையில் ஒரு நோயாளியிடம்கூட அப்படி ஒரு பொய் சொன்னதில்லை. அதற்குள் மெர்சி வந்துவிட்டாள். தெருப் புகையைப் பார்த்து வாசலிலேயே நின்றவள், என்னை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு கைப்பேசியை எடுத்து, அடுப்பையும் முத்துலெட்சுமியையும் படம் எடுத்தாள். இந்த வேலைக்கு வந்த நாளிலிருந்து விளக்கு வைக்காமல் எடுக்கிற முதல் படம் என்றாள். அவளுக்கும் வேறு வழியில்லை, அந்த மாதத்துப் படம் அனுப்ப வேண்டிய நாள் அது. வெளியே வந்ததும் சாலையோரத்தில் நின்று இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்க்காமல் பேருந்துக்குக் காத்திருந்தோம்.

விசாரணை கிள்ளானில் நடந்தது. நான் பார்த்ததை எல்லாம் மலாயில் சொன்னேன். பரண், சீர், அகல்விளக்கு, திருப்பூருக்குப் போன அடுப்பு. குரல் உயர்ந்துவிட்டது, இரண்டு தடவை தண்ணீர் கொடுத்து உட்கார வைத்தார்கள். எந்த ஊர், எந்த வீடு என்று கேட்டார்கள். சொன்னால் மறுநாளே வண்டி போய்விடும். சொல்ல மாட்டேன் என்றேன். படம் இருக்கிறதா என்றார்கள். இல்லை. கழுத்துப்பட்டைக்காரர் தன் கோப்பைத் திறந்து, அந்த வாரம் வந்த படங்கள் என்று ஒரு கட்டைத் தலைவரிடம் கொடுத்தார். கட்டுக்கு மேலே முத்துலெட்சுமி இருந்தாள், கண் சிவந்து, நெருப்புக்கு முன்னால். தலைவர் அதையும் பார்த்து, என்னையும் பார்த்தார். மரியாதையான மனிதர்தான்.

“புவான், இந்த அம்மாவை நீங்கள் நேரில் பார்த்தீர்களா?”

பார்த்தேன் என்றேன்.

“நீங்கள் பார்த்தபோது அந்த அடுப்பு எரிந்ததா?”

ஷாமினி என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். வரவேண்டாம் என்று சொல்லியும் வந்திருந்தாள், அவள் நெஞ்சு இழுக்கும் சத்தம் எனக்குக் கேட்டது.

“எரிந்தது,” என்றேன். “என் மகளுக்காக எரித்தாள்.”

தலைவர் எழுத்தரைப் பார்த்துத் தலையசைத்தார். எழுத்தர் அதில் முதல் வார்த்தையை மட்டும் தட்டச்சு செய்துவிட்டு நிறுத்திக்கொண்டார்.